இது என்ன கிரகணம், என் ஊரில் என்ன தெரியும்? முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் மொட்டைமாடியில் நின்றவர்களுக்குச் சூரியன் ஒரு தீ வளையமாகத் தெரிந்தது. அதே நேரம் சென்னையில் நின்றவர்களுக்கு வளையம் கிடைக்கவில்லை, பிறை வடிவச் சூரியன்தான் கிடைத்தது. டெல்லியில் அந்தப் பிறை இன்னும் தடிப்பாக இருந்தது. மூன்று இடத்திலும் ஒரே கிரகணம்தான்.

அதனால் கிரகணச் செய்தி வந்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இது எந்த வகை? அதில் என் ஊருக்கு என்ன பங்கு? செய்தித் தலைப்புகள் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இரண்டாவதற்கான விடையை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். கண்ணாடி எப்போது போடுவது, எப்போது கழற்றலாம், ஊர்விட்டு ஊர் போய்ப் பார்ப்பது தகுமா என்பதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தது.

படி 1: அமாவாசையில் தொடங்குங்கள்

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் நிலா வருவது அமாவாசையன்று மட்டும்தான். ஆகவே சூரிய கிரகணம் எப்போதும் அமாவாசையில்தான் நிகழும். ஆனால் எல்லா அமாவாசையிலும் கிரகணம் வருவதில்லை. நிலா பூமியைச் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிலாவின் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடுகிறது.

இந்த இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளைத்தான் நம் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. சூரியன் இவற்றில் ஒன்றின் அருகே இருக்கும்போது வரும் அமாவாசையில்தான் கிரகணம். பஞ்சாங்கத்தில் 'கேது கிரஸ்த சூரிய கிரகணம்' என்று போட்டிருந்தால், எந்தப் புள்ளிக்கு அருகே நடக்கிறது என்பதைச் சொல்கிறார்கள். 2019 கிரகணம் அப்படிக் கேதுவின் பக்கம் நடந்தது. சூரியன் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு வர ஏறக்குறைய 173 நாள் ஆகும். அதனால் கிரகணப் பருவம் ஆறு மாதத்துக்குச் சற்று முன்பே திரும்பி வரும். ஓர் ஆண்டில் குறைந்தது 2 சூரிய கிரகணங்கள், மிக அதிகமாக 5.

படி 2: மூன்று நிழல்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

வகைகளின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நிழல் புரிந்தால் வகை தானாகப் புரியும்.

சூரியனின் விட்டம் சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம் கி.மீ., நிலாவின் விட்டம் 3,474 கி.மீ. சூரியன் 400 மடங்கு பெரியது. தற்செயலாக, அது நிலாவைவிடக் கிட்டத்தட்ட 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் வானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. ராத்திரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ரூபாய் நாணயத்தால் தெருவிளக்கை மறைத்துப் பாருங்கள். நாணயத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால் விளக்கு முழுதாக மறையும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் நாணயத்தைச் சுற்றி வெளிச்சம் வளையமாகக் கசியும். பக்கவாட்டில் நகர்த்தினால் விளக்கின் ஒரு பகுதிதான் மறையும். கிரகண வகைகள் இவ்வளவுதான்.

இதையே நிழல் கணக்கில் சொல்வோம். நிலாவுக்குப் பின்னால் கூம்புபோல் குறுகிக்கொண்டே போகும் முழு இருட்டுப் பகுதி கருநிழல். அதற்குள் நிற்பவருக்குச் சூரியன் அறவே தெரியாது. கூம்பின் முனையைத் தாண்டி அந்த நிழல் தலைகீழாக விரியும் பகுதி எதிர்நிழல். அங்கே நிற்பவருக்கு நிலா சூரியனுக்குள் அடங்கி, ஓரம் வளையமாகத் தெரியும். இவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான கி.மீ. பரந்திருப்பது புறநிழல். அங்கே நிற்பவருக்குச் சூரியனின் ஒரு பக்கம் மட்டும் மறைந்திருக்கும்.

கருநிழல் கூம்பின் சராசரி நீளம் சுமார் 3 லட்சத்து 74 ஆயிரம் கி.மீ. நிலாவின் சராசரித் தொலைவோ 3 லட்சத்து 84 ஆயிரம் கி.மீ. அதாவது சராசரியான ஒரு நாளில் கருநிழல் பூமியை எட்டுவதே இல்லை! நிலா வழக்கத்தைவிட அருகில் வந்தால்தான் அதன் முனை பூமியைத் தொடும். முழு கிரகணங்களைவிட, வளையம் தெரியும் கங்கண கிரகணங்கள் எண்ணிக்கையில் கூடுதலாக இருப்பதன் காரணம் இதுதான்.

படி 3: நான்கு வகைகள்

பகுதி கிரகணத்தில் புறநிழல் மட்டும் பூமியில் விழும். கருநிழலோ எதிர்நிழலோ துருவத்துக்கு மேலாகத் தப்பிப் போய்விடும். 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள் மாலையில் வந்தது அப்படிப்பட்டதுதான். உலகில் எந்த ஊரிலும் அன்று சூரியன் முழுதாக மறையவில்லை. தமிழ்நாட்டில் சூரியன் சிறு கடிவாயோடு அஸ்தமித்தது. மொத்தச் சூரிய கிரகணங்களில் ஏறக்குறைய 35 விழுக்காடு இந்த வகை.

கங்கண கிரகணம் தமிழர்களுக்கு மிகவும் பழக்கமான வகை என்றே சொல்லலாம். வளையக் கிரகணம் என்றும் எழுதுகிறார்கள். 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டில் மட்டும் தமிழ்நாட்டின் மீது இரண்டு முறை வளையம் வந்து போயிருக்கிறது. வளையம் தடிப்பாகவும் இருக்கலாம், நூல்போல மெலிந்தும் இருக்கலாம், அதற்கேற்ப நேரமும் மாறும். 2010 ஜனவரி 15 கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி வழியாகப் போய் இலங்கையின் வடபகுதியைக் கடந்தது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும், அதனால் சூரியன் சற்றே பெரிதாகத் தெரியும். நிலாவோ அன்று தன் பாதையின் தொலைமுனைக்குக் கிட்டே இருந்தது. பெரிய சூரியன், சின்ன நிலா: தடித்த வளையம் நெடுநேரம் நின்றது. தனுஷ்கோடியில் சுமார் 10 நிமிடம். இந்தியப் பெருங்கடலில் உச்சமாக 11 நிமிடம் 8 விநாடி. இந்த ஆயிரமாண்டிலேயே நீண்ட கங்கண கிரகணம் அதுதான்.

2019இல் அதே தமிழ்நாட்டில் வளையம் சுமார் 3 நிமிடம் நின்றது. 2020 ஜூன் 21 அன்று ராஜஸ்தான், ஹரியானா, உத்தராகண்ட் வழியாகப் போன கங்கண கிரகணத்தில் நிலா சூரியனைவிட மிகச் சிறிதளவே சின்னதாக இருந்தது. வளையம் நூல்போல மெலிந்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே நின்றது. வகைப் பெயர் ஒன்றாக இருந்தாலும் காட்சி இவ்வளவு வேறுபடும்.

முழு கிரகணம் தனி உலகம். கருநிழலின் முனை பூமியைத் தொடும்போது, தரையில் பெரும்பாலும் 100 முதல் 270 கி.மீ. அகலமுள்ள ஒரு பட்டையில் பகல் சில நிமிடங்களுக்கு இருண்டுவிடும். சூரியனைச் சுற்றிய ஒளிமகுடம், அதாவது கொரோனா, வெறும் கண்ணுக்குத் தெரிவது அப்போது மட்டும்தான். வெள்ளி போன்ற கோள்கள் பளிச்சென்று வெளியே வரும். அடிவானம் நாலா பக்கமும் மாலை நேரம்போல் சிவந்திருக்கும். கோட்பாட்டளவில் இந்த மறைப்பு ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. பெரும்பாலும் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. பூமியில் ஏதாவது ஓர் இடத்தில் சராசரியாக ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை முழு கிரகணம் நிகழ்கிறது. ஆனால் ஒரே ஊருக்கு அது திரும்பி வரச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். முழு கிரகணத்துக்காக ஆட்கள் கண்டம் தாண்டிப் பயணம் போவது இதனால்தான்.

நம் பக்கத்துக்கு இந்த வகையோடு நல்ல உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வானியலாளர் ழான்சென் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரிய விளிம்பின் தீக்கொழுந்துகளில் அன்று தெரிந்த மஞ்சள் நிறக் கோடுதான் பின்னர் ஹீலியம் என்ற தனிமத்தை அடையாளம் காண வழி செய்தது. பூமியில் ஹீலியம் கிடைத்தது 1895இல்தான்! 1871 டிசம்பர் 12 முழு கிரகணத்தின் பாதை நீலகிரி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் வழியாகவே போனது. ழான்சென் மறுபடியும் வந்து, ஊட்டிக்கு அருகே சோலூரில் கருவிகளை நிறுத்திப் பார்த்தார். இந்தக் கதைகள் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் நிறையச் சொல்லப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

கலப்பு கிரகணம் அரிது, நூற்றில் ஐந்துதான். பூமி உருண்டை என்பதால், சூரியன் உச்சியில் தெரியும் இடம், சூரியன் உதிக்கும் இடத்தைவிட நிலாவுக்கு ஆயிரக்கணக்கான கி.மீ. அருகில் இருக்கிறது. கருநிழல் முனை அந்த மேட்டை மட்டும் தொட்டுவிட்டு ஓரங்களை எட்டாமல் போனால், பாதையின் ஒரு பகுதியில் முழு கிரகணமும் இன்னொரு பகுதியில் கங்கணமும் தெரியும். 2023 ஏப்ரல் 20 அன்று நடந்தது இதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் ஊரில் சுமார் ஒரு நிமிடம் முழு மறைப்பு கிடைத்தது.

படி 4: வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடுங்கள்

நாசா ஒவ்வொரு கிரகணத்துக்கும் வரைபடம் வெளியிட்டிருக்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டினால் நேரம் காட்டும் இணையதளங்களும் உண்டு. வரைபடத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் போகும் ஒரு குறுகிய பட்டை இருக்கும். அதுதான் முழு மறைப்பு அல்லது வளையம் தெரியும் பாதை. உங்கள் ஊர் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையின் நடுக்கோட்டில் நேரம் மிக நீளம், விளிம்பை நெருங்க நெருங்க அது குறைந்துகொண்டே போகும். விளிம்புக்கு வெளியே ஒரு கி.மீ. தள்ளி நின்றாலும் உங்களுக்குப் பகுதி கிரகணம் மட்டும்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'எங்கள் ஊரில் 99 விழுக்காடு மறையுமாம், அது போதும்' என்று முழு கிரகணத்தின்போது வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். போதாது. சூரியன் முழுநிலவைவிட ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. அதில் ஒரு விழுக்காடு மிஞ்சினாலும் நாலாயிரம் முழுநிலவுகளின் வெளிச்சம் இருக்கிறது. வானம் இருளாது, கொரோனா தெரியாது. இரண்டு மணி நேரம் பேருந்தில் போனால் பட்டைக்குள் போய்விடலாம் என்றால், யோசிக்காமல் போங்கள். கங்கண கிரகணத்துக்கு இந்தக் கட்டாயம் சற்றுக் குறைவு. வளையத்தைப் பார்ப்பது அழகுதான், ஆனால் இருள் வருவதில்லை. அதற்காகவும் பயணம் போகலாம் என்பது என் கருத்து.

படி 5: எண்களைப் படியுங்கள்

இரண்டு எண்களை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, சூரியனின் விட்டத்தில் எவ்வளவு மறைகிறது என்பது. மற்றது, சூரியனின் பரப்பில் எவ்வளவு மறைகிறது என்பது. விட்டத்தில் சரிபாதி மறைந்தால் பரப்பில் சுமார் 39 விழுக்காடுதான் மறைந்திருக்கும். அதனால் ஒரே ஊருக்கு இரண்டு செய்திகள் வேறு வேறு எண் சொன்னால் பதற வேண்டாம். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

நேரங்கள் பெரும்பாலும் உலக நேரத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். இந்தியா, இலங்கைக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்கு எட்டு மணி நேரம். பஞ்சாங்கம் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பரிசம், மத்திமம், மோட்சம் என்ற சொற்கள் பழக்கம்: தொடக்கம், நடு, விடுகை. முழு கிரகணத்திலும் கங்கணத்திலும் இவற்றுக்கு நடுவே இன்னும் இரண்டு நேரங்களைக் குறித்து வையுங்கள். முழு மறைப்பு அல்லது வளையம் தொடங்கும் நேரமும், அது முடியும் நேரமும். விநாடி வரைக்கும் குறித்துக்கொள்வது நல்லது.

படி 6: கண்

இங்கே வகைதான் விதியைத் தீர்மானிக்கிறது. பகுதி கிரகணத்திலும் கங்கண கிரகணத்திலும் ஒரு விநாடிகூட வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது. வளையம் முழுதாக இருக்கும்போதும் கூடாது. முழு கிரகணத்தில், அதுவும் நீங்கள் பட்டைக்குள் இருந்தால், சூரியனின் கடைசிப் பொட்டும் மறைந்த பிறகு கண்ணாடியைக் கழற்றலாம், கழற்றத்தான் வேண்டும். மறுபக்கம் முதல் வெளிச்சம் எட்டிப்பார்த்ததும் உடனே மாட்டிக்கொள்ளுங்கள்.

விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. வெந்துபோகும்போது எதுவும் தெரியாது, சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மங்கும்போதுதான் தெரியவரும். அதனால் 'கண் கூசவில்லையே' என்பதை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 12312-2 தரம் குறிப்பிட்ட கிரகணக் கண்ணாடி வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தால் மிகப் பிரகாசமான விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது. கீறல், ஓட்டை இருந்தால் தூக்கிப் போடுங்கள். வெல்டிங் கடையில் கிடைக்கும் 14ஆம் எண் கண்ணாடியும் சரி. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படம், சிடி, புகை பிடித்த கண்ணாடி எதுவும் வேண்டாம். தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணி கரைத்த நீரோ வைத்து அதில் சூரியனைப் பார்ப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். அதிலும் கண்ணுக்கு வரும் வெளிச்சம் பாதுகாப்பான அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள். பைனாகுலர், தொலைநோக்கி இருந்தால் வடிகட்டி முன்பக்கக் கண்ணாடிக்கு முன்னால் இருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பது மிக ஆபத்து.

கண்ணாடி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வெள்ளைத் தாளில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். அதைவிட அழகானது மரத்தடி. புங்கை, வேம்பு போன்ற மரங்களின் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைதான். பகுதி கிரகணத்தில் தரையெல்லாம் பிறைகள், கங்கணத்தில் தரையெல்லாம் வளையங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பத்திரமான, சந்தோஷமான வழி இல்லை.

அப்புறம், கேட்காமலே வரும் ஒரு கேள்வி. கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. வழக்கமான வெளிச்சத்தில் ஒரு பங்கு குறைகிறது, அவ்வளவுதான். கர்ப்பிணிகள் வெளியே வரலாம், பசித்தால் சாப்பிடலாம். வீட்டுப் பெரியவர்களோடு இதைப் பொறுமையாகப் பேசுங்கள். மரத்தடி வளையத்தை அவர்களுக்கும் காட்டுங்கள்.

படி 7: அன்றைக்கு எதை எப்போது பார்ப்பது

நிலா மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால் முதல் கடி சூரியனின் மேற்கு விளிம்பில் விழும். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவாகப் பிறையாகும். இந்த நேரத்தில் அவ்வப்போது பார்த்தால் போதும். முக்கால் பங்கு மறைந்த பிறகு வெயிலின் தன்மை மாறுவதைக் கவனியுங்கள். நிழல்களின் ஓரம் கூர்மையாகும், சூடு குறையும், பறவைகள் கூடு திரும்பலாம்.

கங்கண கிரகணத்தில் பிறையின் இரு கொம்புகளும் நீண்டு வந்து சட்டென்று சேரும் தருணம்தான் உச்சம். வளையம் உருவாகும் அந்தச் சில விநாடிகளைத் தவறவிடாதீர்கள்.

முழு கிரகணத்தில் கடைசி ஒரு நிமிடம் எல்லாம் வேகமாக நடக்கும். நிலாவின் மலைப் பள்ளங்கள் வழியாகச் சூரிய ஒளி மணிமணியாகச் சிதறும், இவற்றைப் பெய்லி மணிகள் என்பார்கள். அவை ஒவ்வொன்றாக அணைந்து ஒரே ஒரு மணி மிஞ்சும்போது வைர மோதிரம். அதுவும் அணைந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கொரோனாவைப் பாருங்கள். விளிம்பில் இளஞ்சிவப்பாகத் தீக்கொழுந்துகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். ஒரு முறை அடிவானத்தைச் சுற்றிப் பாருங்கள். முதல் முறை பார்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: கேமராவைத் தொடாதீர்கள். நல்ல படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்த இரண்டு மூன்று நிமிடத்தைக் கண்ணுக்குக் கொடுங்கள்.

படி 8: அடுத்தவற்றுக்குத் தயாராகுங்கள்

2027 ஆகஸ்ட் 2 முழு கிரகணம் இந்தத் தலைமுறைக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு. தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, சவூதி அரேபியா, ஏமன் வழியாகப் பாதை போகிறது. எகிப்தின் லக்சர் அருகே முழு மறைப்பு 6 நிமிடம் 23 விநாடி. ஜூலைத் தொடக்கத்தில்தான் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும், அதனால் சூரியன் சின்னது. நிலாவோ அன்று மிக அருகில். 2010 தனுஷ்கோடிக்கு நேர் எதிர்க் கணக்கு. இந்தியாவின் பெரும்பகுதியில் அன்று மாலை பகுதி கிரகணம் தெரியும், ஆகவே கண்ணாடியை விடாமல் போட்டிருக்க வேண்டும்.

இந்தக் கிரகணத்துக்கு ஒரு குடும்பமும் உண்டு. 18 ஆண்டு 11 நாளுக்கு ஒரு முறை ஏறக்குறைய அதே மாதிரிக் கிரகணம் திரும்பி வரும், இதைச் சாரோஸ் சுழற்சி என்பார்கள். 1955 ஜூன் 20 அன்று இலங்கையைக் கடந்த முழு கிரகணமும், 2009 ஜூலை 22 அன்று சூரத், வாரணாசி, பாட்னா வழியாகப் போனதும் 2027இன் உறவுகள்தான்.

2028 ஜூலை 22 முழு கிரகணத்தின் பாதைக்குள் சிட்னி நகரமே வருகிறது. அங்கே இருக்கும் தமிழர்கள் வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம். 2034 மார்ச் 20 முழு கிரகணம் இந்தியாவில் லடாக் பகுதியைத் தொடுகிறது.

நமக்கு மிக அருகில் வருவது 2031 மே 21 கங்கண கிரகணம். தென்கேரளம், தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள், இலங்கையின் வடபகுதி வழியாகப் பாதை. மே கடைசியில் கேரளக் கரையில் பருவமழை மேகம் முன்னதாகவே கூடிவிடலாம். அதனால் இடம் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் தமிழ்நாட்டின் கிழக்குப் பக்கத்தை யோசிப்பது நல்லது. வளையம் மதிய நேரத்தில், சூரியன் கிட்டத்தட்ட நடு உச்சியில் இருக்கும்போது வரும். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பாருங்கள். மே வெயில் என்பதால் தரையைத் தண்ணீர் தெளித்துக் குளிர வையுங்கள், குடிக்கவும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்புங்கள். உச்சி வெயில் நேராக இறங்குவதால் வளையங்கள் நீண்டு கோணாமல், வட்டமாகவே தரையில் விழும்.